ஆறாயிரம் லிட்டர் ஆதாரம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அப்துல் முத்தலிப் தன் வாழ்க்கையிலேயே பெரிய தவறைச் செய்தார். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னார். அதுவும் ஓர் அரசு அலுவலக வளாகத்துக்குள், கேட் சாத்தியிருக்கும்போது.

அதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோவையின் கணபதிப் பகுதியில், லேத் பட்டறைகளுக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவே இருந்த அந்த இரண்டு மாடிக் கட்டடத்துக்குள் முத்தலிப்பின் மஞ்சள் லாரி பின்பக்கமாக நுழைந்தது. முதுகில் ஆறாயிரம் லிட்டர் டேங்க். டேங்கின் விலாவில் 'சித்திகா செப்டிக் டேங்க் கிளீனிங்' என்று சிவப்பு எழுத்து, கீழே செல்போன் எண். சித்திகா முத்தலிப்பின் மனைவி. "அவனவன் பொண்டாட்டி பேருல நகைக்கடை வெக்கறான், நீங்க இதுல எழுதி வெச்சிருக்கீங்க" என்று பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்.

வாசலில் இருந்த பலகையை முத்தலிப் நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே போனார். 'மேட்டுக்குட்டை நகராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத் திட்டமிடல் மற்றும் வடிவமைப்புத் தனி அலுவலகம் (தற்காலிகம்).' அந்தத் தற்காலிகத்துக்கு வயது பதினொன்று. அன்னூர் போகிற வழியில் இருக்கும் மேட்டுக்குட்டையில் எண்பத்து நாலாயிரம் பேர் வசிக்கிறார்கள். அவர்கள் குளித்து, கழுவி, ஊற்றும் தண்ணீரை என்ன செய்வது என்று யோசிப்பதற்காகக் கணபதியில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யோசனை இன்னும் முடியவில்லை. அதற்குள் அந்த இருபத்திரண்டு பேரின் சொந்த செப்டிக் டேங்க் நிறைந்து வழிந்துவிட்டது.

முத்தலிப் குழாயை இறக்கினார், பம்பைப் போட்டார், நாற்பது நிமிடத்தில் தொட்டியைக் காலி செய்தார். லாரி கழுத்துவரை நிறைந்தது. குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான் செயற்பொறியாளர் கண்ணையா மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

கண்ணையாவுக்குக் கோபமே வராது. குரல் உயராது. அவரிடம் மாட்டியவர்கள் எல்லோரும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் நாசமாய்ப் போனார்கள்.

"பாய், டீ சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க சார்."

"நல்லா சுத்தமா எடுத்துட்டீங்க. ரொம்ப சந்தோஷமுங்க. இத இப்ப எங்க கொண்டு போய் ஊத்துவீங்க?"

இந்த இடத்தில்தான் முத்தலிப் உண்மையைச் சொன்னார்.

"அன்னூர்ப் பக்கம் அரங்கசாமின்னு ஒருத்தர் தென்னந்தோப்பு வெச்சிருக்காருங்க. அவரே குழி வெட்டிப் போட்டு, 'வாங்க பாய், ஊத்துங்க'ன்னு கூப்பிடுவாருங்க."

கண்ணையாவின் முகம் வாடியது. யாரோ இறந்த செய்தி கேட்டதுபோல் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார்.

"தப்புங்களே பாய். அங்கீகரிக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையத்துலதான் ஊத்தோணும். அப்படி ஊத்துவீங்கன்னு உறுதியாகாம வண்டி கேட்டத் தாண்டக் கூடாது. நான் சொல்லலீங்க, விதி சொல்லுது."

"சரிங்க சார். அங்கயே கொண்டு போய் ஊத்திப்போடறேன். அந்த நெலையம் எங்கீங்க இருக்குது?"

கண்ணையா பெருமையோடு மாடியைக் காட்டினார்.

"மேல இருக்குதுங்க. டிசைன்ல."

வாட்ச்மேன் கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். 'வாகனம் பறிமுதல் செய்யப்படவில்லை, பாதுகாக்கப்படுகிறது. கழிவுநீர் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சேர்க்கப்பட்டதும் விடுவிக்கப்படும்' என்று ஒரு காகிதம் முத்தலிப்பின் கைக்கு வந்தது. கூடவே இன்னொரு டீயும் வந்தது.

முத்தலிப்பிடம் இருந்தது அந்த ஒரு லாரிதான்.

*

கோட்டைமேட்டில் வீட்டுக்கு அவர் டவுன் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது செல்போன் மூன்றாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தது. சூலூரில் ஒரு கல்யாண மண்டபம்.

"பாய், நாளைக்கு ரிசப்ஷனுங்க. ஆயிரத்தி எரநூறு பேரு வாராங்க. பாத்ரூம் பக்கம் கால் வெக்க முடியலீங்க. வெடியால வந்துருவீங்களா?"

"வண்டி கவர்மெண்டு புடிச்சு வெச்சிருக்குதுங்க."

"ஏனுங்க, என்னத்தக் கடத்துனீங்க?"

"அவங்களதத்தானுங்க."

சித்திகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வண்டி எங்க?"

முத்தலிப் சொன்னார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"அவங்க டேங்க்ல இருந்தத நீங்க எடுத்தீங்க. எடுத்தது தப்புன்னு சொல்லலை. வெச்சிருக்கறது தப்புன்னும் சொல்லலை. கொட்டறதுதான் தப்பு."

"ஆமா."

"அப்ப சாகற வரைக்கும் சுமந்துட்டே திரியணுமா?"

"திரியவும் முடியாது. கேட்டப் பூட்டிட்டாங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு முத்தலிப் மனுவோடு தபால் மேசை முன் நின்றார். அங்கே இருந்தவர் எழுத்தர் நாச்சியம்மாள். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. அலுவலகத்தில் நடப்பது எல்லாம் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

"ஏனுங்கக்கா, இந்த நெலையம் எப்பங்க முடியும்?"

"உக்காருங்க பாய். டிசைன் பண்ணோணும்னா ஊரோட கழிவுநீர்ல மாதிரி எடுக்கோணும். மாதிரி எடுக்கோணும்னா ஊருக்குள்ள பாதாளச் சாக்கடை ஓடோணும். சாக்கடைக்குக் கொழாய் போடறதுக்குன்னு டவுன்ல இன்னொரு ஆபீஸ் இருக்குது. நெலையம் எங்க வருதுன்னு சொன்னாத்தான் கொழாய எந்தப் பக்கம் சாய்க்கறதுன்னு தெரியும்ங்கறாங்க அவங்க. எங்க வருதுன்னு சொல்லோணும்னா டிசைன் முடியோணும்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, ரெண்டு ஆபீசும் வருசா வருசம் பொங்கல் வாழ்த்து அனுப்பிக்கறோம்."

"பூமி பூஜையெல்லாம் போட்டாங்கன்னு சொன்னாங்களே."

"நாலு தடவ போட்டாச்சு, நாலு எடத்துல. நாலு எடத்தையும் இப்ப சைட் போட்டு வித்துட்டாங்க. அஸ்திவாரக் கல்லு மட்டும் இங்க மாடிப்படிக்கு அடியில இருக்குது. பாத்து நடங்க, போன மாசம் நம்ம டிரைவர் கால் எடறி உழுந்துட்டாரு."

முத்தலிப் பார்த்து நடந்து மேலே போனார். ஹாலின் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் தெர்மகோலில் சுத்திகரிப்பு நிலையம், நீலச் சாயம் பூசிய தொட்டிகள், ஸ்பாஞ்சு மரங்கள், தலைக்கவசம் போட்ட குட்டி மனிதர்கள். பெரிய தொட்டிக்குள் ஒரு பல்லி குடித்தனம் நடத்தியது. பதினொரு வருடத்தில் அந்தத் திட்டத்தால் பலனடைந்த ஒரே உயிர் அதுதான்.

உள்ளே ஆய்வுக் கூட்டம். ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்திருந்த யஷ்வந்த் திரையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். வயது இருபத்தெட்டு, மடிப்புக் கலையாத சட்டை, கையில் சிவப்பு ஒளி பாய்ச்சும் பேனா.

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நூத்து முப்பத்தஞ்சு லிட்டர் தண்ணி சப்ளை ஆகுது. அதுல எண்பது பர்சென்ட் கழிவா வருது. எண்பத்து நாலாயிரம் பேருக்கு, டெய்லி தொண்ணூறு லட்சம் லிட்டர்."

பெஞ்சின் ஓரத்தில் மனுவோடு உட்கார வைக்கப்பட்டிருந்த முத்தலிப்புக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அங்க ஒம்பது நாளைக்கு ஒருக்காத்தானுங்க தண்ணியே வருது."

யஷ்வந்த் சிரித்தான். "அது குடிநீர்த் துறை, அங்கிள். நாங்க கழிவுநீர்த் துறை."

வராத தண்ணீரிலிருந்து போகிற கழிவு அன்றைய கூட்டக் குறிப்பில் ஏறியது. அடுத்த பொருள்: மாதிரி. அரசின் கட்டுப்பாட்டில் உள்ள ஆதாரத்திலிருந்து எடுத்த கழிவுநீர் இல்லாததால் வடிவமைப்பு பதினொரு வருடமாக நிற்கிறது. இதைச் சொல்லும்போது கண்ணையாவின் குரல் தழுதழுத்தது.

முத்தலிப்பின் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. லாரி வெளியே வந்துவிட்டது என்றே அவர் நினைத்தார். எழுந்து நின்றார்.

"சார், மாதிரிதானுங்க வேணும்? கீழ என் வண்டியில ஆறாயிரம் லிட்டர் இருக்குது. வேணும்ங்கறத எடுத்துக்கங்க. வண்டிய உட்ருங்க."

யஷ்வந்த் கண்ணையாவைப் பார்த்தான், கண்ணையா மேசையைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து முத்தலிப்பின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பாய், நீங்க தெய்வமுங்க."

அன்று மாலைக்குள் லாரி 'பாதுகாக்கப்படும் வாகனம்' என்ற நிலையிலிருந்து 'அரசின் கட்டுப்பாட்டில் உள்ள மாதிரி ஆதாரம்' என்ற நிலைக்கு உயர்ந்தது. டேங்கின் மூடிக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள்.

"அப்ப வண்டிய எடுத்துக்கலாமுங்களா?" என்றார் முத்தலிப்.

யஷ்வந்த் விளக்கினான். ஒரே ஆதாரத்திலிருந்து வெயில், மழை, பனி என்று மூன்று பருவத்திலும் மாதிரி எடுக்க வேண்டும். ஆதாரம் மாறக் கூடாது, குறையக் கூடாது, நகரக் கூடாது. இது சித்திரை. கடைசி மாதிரி தை மாதம்.

"உங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றிங்க" என்றார் கண்ணையா. "இருக்கட்டுங்க" என்றார் முத்தலிப்.

*

முதல் மாதிரியின் ஆய்வு முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. தேயிலைச் சாயம் ஏராளம். உளுந்து வடை கணிசம். ஒரு சிறு ஜெம் கிளிப்பும் கிடைத்தது.

"மேட்டுக்குட்டை மக்களோட லைஃப்ஸ்டைலே இதுல தெரியுது சார்" என்றான் யஷ்வந்த். "டீ ரொம்ப ஜாஸ்தி. உடலுழைப்பு ரொம்பக் கம்மி."

வாரத்துக்கு ஒருமுறை லாரி எஞ்சினை ஓட்டி வைக்க அனுமதி கேட்க வந்திருந்த முத்தலிப் குழம்பிப்போனார். "அது மேட்டுக்குட்டக்காரங்களுது இல்லீங்களே. இந்த ஆபீசோடதுதானுங்களே."

கண்ணையா எழுந்தார். பேச வேண்டிய தருணம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"பாய் சொல்றது நெசமுங்க. ஆனா நாம வேற, மக்க வேறயா? பதினோரு வருசத்துல இந்த ஆபீஸ் என்ன உற்பத்தி பண்ணுச்சுன்னு போன தணிக்கையில கேட்டாங்க. பதில் சொல்ல முடியாம நின்னேன். இன்னிக்குச் சொல்றேன். கீழ நிக்குது, ஆறாயிரம் லிட்டர். முழுக்க முழுக்க நம்ம ஊழியர்களோட உழைப்பு. வெளியாள் ஒருத்தரோட பங்கும் அதுல கெடையாது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு இருபத்திரண்டு ஊழியர்களை மூவாயிரத்து எண்ணூற்றுப் பதினெட்டால் பெருக்கி ஊர் மக்கள்தொகைக்குக் கொண்டுவந்தார்கள். நாலு பேர் மட்டும் கணக்கில் விடுபட்டார்கள். அந்த நாலு பேரை என்ன செய்வது என்று பரிந்துரைக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

எஞ்சினை ஓட்ட அனுமதி கிடைத்தது. வெள்ளிக்கிழமை தோறும் பிற்பகல் மூன்று மணி முதல் மூன்று பத்துவரை. ஜும்மா தொழுகை முடிந்து முத்தலிப் பஸ் ஏறி வருவார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்காருவார். சாவியைத் திருப்புவார். பத்து நிமிடம் லாரி நின்ற இடத்திலேயே உறுமும். வாட்ச்மேன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். மற்ற ஆறு நாளும் முத்தலிப் தன் மச்சான் முஜீப்பின் லோடு ஆட்டோவை ஓட்டினார். முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றினார், கிரைண்டர் இறக்கினார். பதினாறு வருடம் சொந்த வண்டி ஓட்டியவருக்கு மச்சானின் வண்டியில் பின்பக்கக் கண்ணாடியைத் திருப்பக்கூடக் கூச்சமாக இருந்தது.

ஆடி மாதத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. அறிவிப்பை மேட்டுக்குட்டையில் ஒட்டியிருக்க வேண்டும். தூரம் கருதி லாரியின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்த ஒரே பொதுஜனம் முத்தலிப். பந்தல், நூறு நாற்காலி, மைக், ரோஸ் மில்க் எல்லாம் தயாராக இருந்தது. மேடையில் பதினாலு பேர், கீழே அவர் ஒருத்தர்.

"பொதுமக்கள் தங்கள் கருத்தைத் தயங்காமல் சொல்லலாம்" என்றார் கண்ணையா மைக்கில்.

முத்தலிப்பிடம் இன்னொரு மைக்கைக் கொடுத்தார்கள். "என் வண்டிய உட்ருங்க சார்."

"வேற யாராவது?" என்றார் கண்ணையா, தொண்ணூற்றொன்பது காலி நாற்காலிகளையும் வரிசையாகப் பார்த்து.

திட்டத்தை விரைந்து முடிக்குமாறு மக்கள் ஒருமனதாகக் கேட்டுக்கொண்டதாகப் பதிவேட்டில் எழுதப்பட்டது. மக்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரோஸ் மில்க் கொடுத்தார்கள்.

*

ஐப்பசி மழையில் இரண்டாவது மாதிரி எடுத்தார்கள். அதே மழையில்தான் வேறொன்றும் நடந்தது. அலுவலகத்தின் செப்டிக் டேங்க் மறுபடி நிறைந்துவிட்டது.

அங்கே இருந்தது இரண்டு கழிப்பறை. அதில் ஒன்றுக்குள் பதினாலு தொகுதி வடிவமைப்பு அறிக்கை அடுக்கியிருந்தது. மிச்சமிருந்த ஒன்றும் வழிந்தது. கோவையில் இருக்கிற செப்டிக் லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டார்கள். பதில் ஒன்றாகவே இருந்தது: "அந்தக் கேட்டுக்குள்ள போன வண்டி திரும்பறதில்லீங்க."

இருபத்திரண்டு பேரும் பக்கத்துப் பேக்கரியின் கழிப்பறைக்குப் படையெடுத்தார்கள். மூன்றாம் நாள் பேக்கரிக்காரர் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார். 'தேங்காய் பன் வாங்குவோருக்கு மட்டும்.' அலுவலகம் தேங்காய் பன் தின்ன ஆரம்பித்தது. கண்ணையாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு நாளைக்கு ஏழு தடவை போக வேண்டியிருந்தது. ஏழு பன். பன் தின்னத் தின்னச் சர்க்கரை ஏறியது. சர்க்கரை ஏற ஏறப் போகிற தடவையும் ஏறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை முத்தலிப் அவரைப் பேக்கரி வாசலில் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"சார், ஒருக்கா வண்டியக் காலி பண்ண உடுங்க. பொழுதோட வந்து உங்க டேங்கையும் எடுத்துக் குடுத்துப்போடறேன்."

கண்ணையா வாயிலிருந்த பன்னை விழுங்கினார். கண்ணில் நீர் கோத்தது.

"எனக்காக விதிய மீறச் சொல்றீங்களா பாய்? முப்பது வருச சர்வீஸுங்க. ஒருத்தருக்காகவும் மீறினதில்ல. எனக்கு நானே மீறுவனா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் முத்தலிப்புக்குப் பயமாக இருந்தது. லஞ்சம் கேட்கிறவரென்றால் ஒரு வழி இருக்கும்.

தை பிறந்தது. மூன்றாவது மாதிரிக்கு யஷ்வந்த் லாரியின் மேல் வால்வைத் திறந்து பாட்டிலில் பிடித்தான். பிடித்ததைத் தூக்கி வெயிலுக்கு எதிரே காட்டினான். பாட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற வாட்ச்மேனின் மீசை தெளிவாகத் தெரிந்தது.

ஆய்வு முடிவு வந்த அன்று அவன் முகம் வெளுத்திருந்தது. "சார், சுத்திகரிச்ச தண்ணி எப்படி இருக்கணும்னு ரூல் இருக்கோ, இது அப்படியே இருக்கு. உள்ள வரவேண்டிய தண்ணியே வெளிய போகவேண்டிய தண்ணி மாதிரி இருந்தா நான் எதை டிசைன் பண்றது?"

கண்ணையா முத்தலிப்பைக் கூப்பிட்டனுப்பினார். "பாய், உள்ள ஏதாச்சும் மருந்து போட்டீங்களா?"

"முத்திரை வெச்சிருக்கீங்களே, நான் எங்கீங்க போடறது? பத்து மாசமா ஆடாம அசையாம நிக்குதுங்க. கசடெல்லாம் அடியில படிஞ்சு, மேல தெளிஞ்சுபோச்சு. எந்தத் தொட்டியில உட்டாலும் அப்படித்தானுங்க ஆகும்."

"ஆடாம அசையாம." கண்ணையா அந்த வார்த்தையை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிலும் பார்த்தார். "கேட்டீங்களா? பதினோரு வருசமா நம்ம ஆபீஸ் இதத்தானே கடைப்புடிச்சுட்டு வருது. இப்ப விஞ்ஞானமே ஒத்துக்கிச்சு."

ஒன்பது நிமிடத்தில் முடிவு எடுத்தார்கள். அந்த அலுவலகத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை. லாரி இனி மாதிரி ஆதாரம் அல்ல. அதுவே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். கொள்ளளவு ஆறாயிரம் லிட்டர். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம், வாசம் வெளியே வராது. திறப்பு விழா மாசி முதல் வாரம், தலைமைப் பொறியாளர் வருகிறார்.

முத்தலிப் படியிறங்கும்போது அஸ்திவாரக் கல்லில் இடறி விழுந்தார்.

*

"இனிமேல் கெடைக்காது" என்றார் வீட்டுக்கு வந்ததும். முட்டியில் சிராய்ப்பு. "லாரியா இருந்தா ஒரு நாள் உட்டுருப்பாங்க. இப்ப அது நெலையம். கல்வெட்டு வெக்கறாங்க."

சித்திகா சிராய்ப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

"ஏங்க, மொத நாள் ஒரு காயிதம் குடுத்தாங்கல்ல, அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"கழிவ அங்கீகரிக்கப்பட்ட நெலையத்துல சேத்தா வண்டிய உடுவோம்னு."

"இப்ப அந்த வண்டிதான் நெலையம்ங்கறாங்க."

"ஆமா."

"கழிவு எங்க இருக்குது?"

முத்தலிப் அவளையே பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து அந்தக் காகிதத்தைத் தேட ஆரம்பித்தார்.

நாச்சியம்மாள் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை படித்தார். நாலு மாதமாகத் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தவர்.

"யாரு கண்டுபுடிச்சது பாய்?"

"ஊட்டுலீங்க."

"அவங்கள இங்க வேலைக்கு எடுத்திருந்தா பத்து வருசம் முந்தியே இந்த ஆபீச மூடியிருக்கலாம். சரி, வண்டி போலாம்னு ஆச்சு. நெலையம் போகக் கூடாதுன்னு சொல்லுவாங்களே, அதுக்கு என்ன பண்றது?" அவர் நிலையத்தின் அங்கீகாரச் சான்றிதழை எடுத்து விரித்தார். எண் என்ற இடத்தில் லாரியின் பதிவு எண். அமைவிடம் என்ற இடத்தில் விரல் நின்றது. அங்கே எழுதியிருந்தது: 'இடத் தேர்வு நிலுவையில்.'

நாச்சியம்மாள் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

திறப்பு விழா அன்று லாரிக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள். டேங்கின் விலாவில், சித்திகாவின் பெயருக்கு நேர் கீழே, 'கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்' என்று பொறித்த கறுப்புக் கல்வெட்டு திருகப்பட்டிருந்தது. தலைமைப் பொறியாளர் ரிப்பன் வெட்டினார். கண்ணையா பேசினார்.

"இந்த நிலையத்துக்கு ஒரு சென்ட் நிலம் எடுக்கலீங்க. ஒரு செங்கல் வெக்கலீங்க. ஒண்ணுமே செய்யாம ஒரு திட்டத்த முடிக்க முடியும்னு நாட்டுக்குக் காட்டியிருக்கோம். இது மத்த ஆபீசுகளுக்கும் ஒரு பாடம்."

அவர் உட்கார்ந்ததும் நாச்சியம்மாள் ஒரு கோப்பை நீட்டினார். வாகன விடுவிப்பு ஆணை. கண்ணையா கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் படிப்பவர். இதையும் படித்தார். முத்தலிப் மேடைக்குக் கீழே சாவியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு நின்றார்.

கண்ணையா ஒருதரம் லாரியைப் பார்த்தார். மறுபடி கோப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓர் ஒளி பரவியது.

"ரொம்பச் சரியா இருக்குதுங்க அம்மணி. நிபந்தனை பூர்த்தியாயிருச்சு. இனி ஒரு நிமிசம் வண்டிய நிறுத்தி வெச்சாலும் அது விதிமீறல்." கையெழுத்துப் போட்டார். "பாய், உடனே எடுங்க. தயவுசெஞ்சு எடுங்க."

முத்தலிப் ஏறினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்து நிமிடம் உறுமிப் பழகிய எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்தது. வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். வாழைமரமும் அறுந்த ரிப்பனும் கல்வெட்டுமாக லாரி கேட்டைத் தாண்டியது.

தலைமைப் பொறியாளர் எழுந்துவிட்டார். "கண்ணையா, நிலையம் போகுதே."

"போகட்டுங்க சார்" என்றார் கண்ணையா நிம்மதியாக. "எங்க நிக்கோணும்னு நாம இன்னும் முடிவு பண்ணலீங்களே."

அன்னூர்ப் பக்கம் அரங்கசாமி தோப்பில் குழி தயாராக இருந்தது. 'சுத்திகரிக்கப்பட்டது, மரங்களுக்கு உகந்தது' என்று அலுவலகம் கொடுத்த சான்றிதழை முத்தலிப் காட்டினார். அரங்கசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தென்னைக்குப் படிக்கத் தெரியாதுங்க பாய், ஊத்துங்க" என்றார். வீட்டில் சித்திகா கல்வெட்டை நெடுநேரம் படித்தாள். மேலே அவள் பெயர் பெரிதாக, கீழே கண்ணையா பெயர் சிறிதாக. "இருக்கட்டும், கழட்ட வேண்டாம்" என்றாள்.

நாலாம் நாள் செல்போன் அடித்தது.

"பாய், கண்ணையா பேசறனுங்க. எங்க டேங்க் வழியுதுங்க. வர முடியுமா?" பின்னணியில் பேக்கரியின் சத்தம் கேட்டது.

"வாரனுங்க சார்."

போனார். ஆனால் லாரி கேட்டுக்கு இருபதடி முன்பே நின்றுவிட்டது. முத்தலிப் சாலையிலேயே நிறுத்தி, கைபிரேக் போட்டு, நூறடிக் குழாயைக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தூக்கி உள்ளே விட்டார். வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்து, "உள்ள வாங்க பாய்" என்று கெஞ்சினார். "வண்டிக்கு அந்த எடம் ஒத்துக்காதுங்க" என்றார் முத்தலிப். இருபத்திரண்டு பேரும் ஜன்னலில் நின்று பார்க்க, பம்ப் ஓடியது. நாற்பது நிமிடம்.

குழாயைச் சுருட்டும்போது கண்ணையா வெளியே வந்தார். ஆள் இளைத்திருந்தார். டேங்கைத் தட்டிப் பார்த்தார். முப்பது வருடப் பழக்கம், வாயில் தானாக வந்தது.

"ரொம்ப சந்தோஷமுங்க பாய். இத இப்ப எங்க கொண்டு போய் ஊத்துவீங்க?"

முத்தலிப் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கல்வெட்டின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"ஊத்தியாச்சுங்க சார்."